மகளுக்கு ஒரு சுவர்

ஜூன் 9, திங்கள்

இதை எழுதுவதற்கு மன்னிக்க வேண்டும். யாரிடம் கேட்கிறேன் என்று தெரியவில்லை. ஆனாலும் கேட்டுவிட்டால் கை கொஞ்சம் இலகுவாக ஓடுகிறது. எங்கள் வீட்டில் பால்காரருக்கும் காஸ் சிலிண்டருக்கும் தவிர வேறு எதற்கும் யாரும் பேனா எடுத்ததில்லை. கல்லூரிக்குப் போன முதல் ஆள் நான். அதற்காக நாட்குறிப்பு எழுத வேண்டும் என்று ஒன்றுமில்லை. வாப்பா மண்ணடிக் கடையிலிருந்து கொண்டுவந்த டைரி பாதி வருடமாகச் சும்மா கிடந்தது. அவ்வளவுதான் காரணம்.

பெருநாளுக்கு வந்தால் வாப்பா நாலு நாளில் சென்னைக்குத் திரும்பிவிடுவார். இந்த ஹஜ்ஜுப் பெருநாளுக்கு அப்படி இல்லை. சுவர் கட்டப் போகிறார்.

வெளியூர்த் தோழி செல்வமலரிடம் ஒருமுறை இதை விளக்கியபோது அவள் நம்பவேயில்லை. எங்கள் ஊரில் கலியாணம் ஆனால் பெண் எங்கும் போவதில்லை. மாப்பிள்ளைதான் பெட்டியோடு பெண் வீட்டுக்கு வருவார். ஆகவே ஒவ்வொரு மகளுக்கும் ஒரு வீடு வேண்டும். வசதி உள்ளவர்கள் புதிதாகக் கட்டுவார்கள். மற்றவர்கள் இருக்கும் வீட்டை நடுவில் சுவர் வைத்துப் பிரிப்பார்கள். என் அக்கா ஹபீபா ராத்தாவுக்குக் கலியாணம் ஆகிவிட்டது, மச்சான் கோலாலம்பூரில் இருக்கிறார். இப்போது எனக்கு ஒரு மாப்பிள்ளை இடம் வந்திருக்கிறது. சுவர் முடிந்ததும் தேதி குறிப்பார்கள்.

திருநெல்வேலியில் எம்.ஏ. வரலாற்றுக்கு எனக்கு இடம் கிடைத்திருக்கிறது. ஜூலை நாலாம் தேதிக்குள் சேர வேண்டும். ராத்தாவிடம் மட்டும் சொல்லியிருக்கிறேன். வாப்பாவிடம் கேட்க வேண்டும். கேட்பேன். அவசரம் ஒன்றுமில்லை.

ஜூன் 10

தெரு நலமன்றத்துக்கு ஐம்பது வருடம் ஆகிறதாம். பொன்விழா மலர் போடுகிறார்கள். செயலாளர் புகாரி மாமா 'நம் தெருவின் பழைய வீடுகள்' என்று ஒரு கட்டுரை எழுதிவிட்டார். ஆனால் வீடுகளின் உட்புறம் எப்படி இருக்கிறது என்று ஆண்கள் போய்ப் பார்க்க முடியாது. அதனால் என்னிடம் கொடுத்தனுப்பியிருக்கிறார். உள்ளே போய்ப் பார்த்து, சரியாக இருக்கிறதா என்று சொன்னால் போதுமாம்.

"பெரிய கலெக்டரு கிளம்பிட்டாஹ" என்றாள் ராத்தா. இன்னொரு பேனாவும் கொடுத்தாள்.

ஜூன் 11, புதன்

முடுக்கு வழியாகப் போனேன். வீடுகளுக்குப் பின்னால் ஓடும் ஒல்லியான சந்து அது, பெண்கள் மட்டும் நடப்பது. எதிரே ஒருவர் வந்தால் இருவரில் ஒருவர் யார் வீட்டுப் படியிலாவது ஏறி நிற்க வேண்டும். எனக்கு முன்வாசலைவிட இதுதான் வசதி. முன்வாசலில் கதவைத் தட்டிவிட்டு நிற்க வேண்டும். அப்போது கைகளை எங்கே வைத்துக்கொள்வது என்று எனக்குத் தெரிவதில்லை. முடுக்கில் எல்லாக் கதவும் திறந்தே இருக்கும். செருப்பைக் கழற்றும் சத்தம் கேட்டாலே உள்ளிருந்து யாராவது பெயர் சொல்லிக் கூப்பிடுவார்கள்.

மூன்று வீடு பார்த்தேன். மூன்றிலும் சாப்பிட வேண்டியிருந்தது. இரண்டில் வட்டிலப்பம்.

புகாரி மாமாவின் கட்டுரையில் 'மாடத்து வீடு' பற்றி அழகாக எழுதியிருக்கிறார். பர்மாத் தேக்கு, கண்ணாடி விளக்கு, எல்லாம். உள்ளே போனால் அந்த மாடமே பாதிதான் இருக்கிறது. பாதி வளைவில் ஒரு சுவர் வந்து முட்டி நிற்கிறது. மீதி வளைவு அடுத்த வீட்டின் அரிசி அறையில் இருக்கிறது.

ஜூன் 12

மீன் வரவில்லை. முருங்கைக்காய்.

ஜூன் 15, ஞாயிறு

இப்போது எனக்கு ஒரு பழக்கம் வந்துவிட்டது. எந்த வீட்டுக்குள் போனாலும் முதலில் சுவர்களைப் பார்க்கிறேன். சுவருக்குள் பாதி புதைந்த தூண். நடுவில் வெட்டுப்பட்ட ஜன்னல். தரையில் பூக்கல் வரிசை ஓடிவந்து பாதிப் பூவில் நின்றுவிடும். அந்த இடத்தில்தான் ஒரு மகள் பிறந்திருக்கிறாள். வெளியே தெருவில் நின்று பார்த்தால் ஒல்லி ஒல்லியாக மூன்று வீடு. மேலே கூரை முகடு மட்டும் ஒரே நேராக ஓடும். அப்படியென்றால் ஒரு தாய்க்கு மூன்று பெண்மக்கள்.

தெருவை ஒரு முனையிலிருந்து இன்னொரு முனைவரை இப்படிப் படிக்க முடிகிறது. எனக்குச் சொல்லத் தெரியாத ஒரு சந்தோஷம் வருகிறது.

மர்ழியா மாமி வீட்டில் கிணற்றின் வாய்மேலேயே சுவர் போகிறது. பாதிக் கிணறு மாமிக்கு, பாதி அவர் தங்கைக்கு. இருவருக்கும் பல வருடமாகப் பேச்சில்லை. தண்ணீர் எடுப்பது எப்படி என்று கேட்டேன்.

"அவ தண்ணி அள்ளும்போது தனக்குத்தானே பேசிக்குவா. 'இன்னிக்குப் பெரிய மவளுக்குக் காய்ச்சல்'ம்பா. நானும் எனக்கு நானே சொல்லிக்குவேன், 'மொளவு ரசம் வச்சிக் குடுத்தா சரியாயிரும்'னு. பேச்சுவார்த்த கெடையாது."

பேசிக்கொண்டிருக்கும்போதே அந்தப் பக்கம் வாளி இறங்கும் சத்தம் கேட்டது. மாமி என்னைப் பார்க்காமல் கிணற்றைப் பார்த்து, வீட்டுக்கு ஜுலைகா மகள் ருகையா வந்திருப்பதாகவும் தெருவைப் பற்றி எழுதுவதாகவும் சத்தமாகச் சொன்னார். கிணற்றுக்குள்ளிருந்து, அந்தப் புள்ளைக்கு இடம் வந்திருக்கிறதாமே என்று ஒரு குரல் தனக்குத்தானே சொல்லிக்கொண்டது.

நான் சீக்கிரம் கிளம்பிவிட்டேன்.

ஜூன் 17

கொத்தனார் சுடலைமணி வந்து பார்த்துவிட்டுப் போனார். முற்றத்தில் நூல் கட்டியிருக்கிறார். பகல் முழுக்க அதைக் குனிந்து கடக்க வேண்டியிருந்தது. அடுக்களை யாருக்கு என்று எனக்கும் ராத்தாவுக்கும் சண்டை. அவளுக்குச் சமைக்கப் பிடிக்காது, எனக்குத் தெரியாது. ஆனாலும் இருவரும் விட்டுக்கொடுக்கவில்லை. ராத்தாவின் மகள் நூலைப் பிடித்து இழுத்துவிட்டாள். அவளுக்கும் ஒரு தங்கை வந்தால் ராத்தாவின் பாதியும் பாதியாகும்.

சுவர் எங்கே திரும்ப வேண்டும் என்று கொத்தனார் வாப்பாவைக் கேட்டார். வாப்பா, "உம்மாட்ட கேளு" என்று என்னை உள்ளே அனுப்பினார்.

ஜூன் 18, புதன்

புகாரி மாமாவின் கட்டுரையில் ஒரு பெரிய தவறு இருக்கிறது. மூன்று நாளாக அதையே நினைத்துக்கொண்டிருக்கிறேன். சொல்லலாமா கூடாதா என்றும் தெரியவில்லை.

ஒவ்வொரு வீட்டுக்கும் அவர் ஒரே மாதிரி எழுதியிருக்கிறார். இன்ன ஹாஜியார் கட்டினார், அவருக்குப் பின் அவர் மகன், மகனுக்குப் பின் பேரன். வெளியூர் மலர்களில் அப்படித்தான் எழுதுவார்கள். ஆனால் எங்கள் தெருவில் எந்த மகனும் அப்பன் வீட்டில் தங்கியதில்லை. எல்லோரும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு மனைவி வீட்டுக்குப் போய்விட்டார்கள். மாமா எழுதியிருக்கும் வரிசைப்படி பார்த்தால் இந்த வீடுகளில் இதுவரை குடியிருந்தவர் ஒருவருமில்லை.

அஸர் தொழுகைக்குப் பிறகு மாமா வாப்பாவைப் பார்க்க வந்தார். உட்கூடத்துத் திரைக்குப் பின்னால் நான் நின்றேன். எல்லாம் சரியா என்று அங்கிருந்தே கேட்டார்.  எனக்கு ஒரு கேள்விதான் வந்தது.

"மாமா, நீங்க பொறந்தது எந்த வூட்ல?"

"மாடத்து வூட்ல. ஏன்?"

"இப்ப இருக்கறது?"

"உங்க மாமி வூட்ல. இது என்ன கேள்வி?"

"மாடத்து வூட்ல உங்க வாப்பாவுக்குப் பொறவு நீங்கன்னு எழுதியிருக்கீங்க."

 மாமா மெதுவாக, "அங்க தங்கச்சில்ல இரிக்கா" என்றார்.

வாப்பா சிரித்துவிட்டார். அவருக்கு மாமா காக்கா, அண்ணன் மாதிரி. மாமாவுக்குக் கோபம். "நீ என்னப்பா சிரிக்கிற? இந்த வூட்ட மலர்ல ஒம் பேர்லதான் எழுதி வச்சிருக்கேன்."

"அழிச்சிரு காக்கா. நா இங்க ஆணி அடிக்கணும்னாலும் கேட்டுட்டுத்தான் அடிக்கணும்."

கடைசியில் மாமா என்னையே திருத்தி எழுதச் சொன்னார். ஆனால் பெண்களின் பெயர்களை மலரில் போடுவதா என்று அவருக்குத் தயக்கம். அவர்களையே கேட்டு வருகிறேன் என்றேன். எனக்கு அவ்வளவு தைரியம் எப்படி வந்தது என்று தெரியவில்லை. திரை ஒரு காரணமாக இருக்கலாம்.

ஜூன் 21

பெயர் போடப் பாதிப் பேர் சம்மதம். சிலர் வீட்டில் கேட்டுச் சொல்கிறோம் என்றார்கள். மர்ழியா மாமி கேட்டது: "ரேஷன் கடையில எம் பேரச் சத்தமா வாசிக்கிறான். ஆஸ்பத்திரியில தெருவுக்கே கேக்கக் கூப்புடுறாஹ. நா பொறந்து வளந்த வூட்டுக்குக் கீழ போட்டா மட்டும் வெக்கமா?" சற்றுப் பொறுத்து, "தங்கச்சி பேர மேல போட்ராத, நாந்தான் மூத்தவ" என்றார்.

ஜூன் 23, திங்கள்

சுவர் தொடங்கிவிட்டது. முழங்கால் உயரம்.

உம்மா கொத்தனாரிடம் அவசரப்பட வேண்டாம் என்று சொல்லிவிட்டார். இரண்டு வரிசை வைத்தால் நிறுத்தி, தண்ணீர் ஊற்றி, மறுநாள்தான் அடுத்தது. சுடலைமணிக்குப் பிடிக்கவில்லை. இப்படிக் கட்டினால் ஆடி முடிந்துவிடும் என்றார். "முடியட்டுமே" என்றார் உம்மா. உம்மா இவ்வளவு கண்டிப்பாக யாரிடமும் பேசி நான் பார்த்ததில்லை. கட்டட வேலையில் அவருக்கு இத்தனை அக்கறை என்று இப்போதுதான் தெரிகிறது.

ஜூன் 25, புதன்

எங்கள் வீட்டையும் எழுத வேண்டும் அல்லவா. உம்மாவிடம் கேட்டேன்.

எங்கள் வீடும் ஏற்கெனவே ஒரு பாதிதான். மறுபாதி பெரியம்மாவுடையது. இரண்டுக்கும் நடுவில் உள்ள சுவரில் எந்தச் சுண்ணாம்பும் நிற்பதில்லை. பெருநாளுக்குப் பெருநாள் அடிப்போம், மழைக்கு முன்பே உரிந்து விழும். காலண்டரைத் தொங்கவிட்டு மறைத்து வைத்திருக்கிறோம். உப்புக்காற்று என்று நினைத்திருந்தேன்.

உம்மா தேங்காய் துருவிக்கொண்டே சொன்னார். அந்தச் சுவர் கட்டியபோது அவரை உள்ளறையில் உட்கார வைத்திருந்தார்களாம். கொத்தனாரின் கரண்டி உரசும் சத்தம் காலையிலிருந்து கேட்டுக்கொண்டே இருக்குமாம். மாப்பிள்ளை வீட்டார் அவசரப்படுத்தியதால் ஈரத்தின் மேலேயே வெள்ளையடித்துவிட்டார்கள்.

"செவரு காயறதுக்குள்ள கலியாணம் முடிஞ்சிருச்சு. அதான் இன்னும் உரியுது."

பள்ளிக்கூடம் எப்போது நின்றது என்று கேட்டேன்.

"அந்த வாரந்தான். கணக்குப் பரிச்ச இருந்திச்சு. எழுதல." பிறகு, தேங்காய் போதுமா என்று என்னிடமே கேட்டார்.

சுவர் உரியும் காரணம் தெரிந்தது நல்லதாயிற்று. 'ஈரம்' என்று குறித்துக்கொண்டேன்.

ஜூன் 27, வெள்ளி

முஹர்ரம் பிறந்துவிட்டது. வாப்பா ஜும்ஆ முடிந்து வந்து நல்ல மனநிலையில் சாய்ந்திருந்தார். இன்று கேட்டுவிடுவது என்று தேநீர் எடுத்துக்கொண்டு போனேன்.

தேநீரை வாங்கிக்கொண்டு வாப்பாவே பேச ஆரம்பித்தார். என் கட்டுரையில் அவரையும் சேர்ப்பேனா என்று விளையாட்டாகக் கேட்டார். இந்த வீட்டுக்கு மாப்பிள்ளையாக வந்த அன்று எந்தக் கதவு அடுக்களைக்கு, எந்தக் கதவு குளியலறைக்கு என்று தெரியாமல், தாகத்தோடு கூடத்திலேயே உட்கார்ந்திருந்தாராம். கேட்க வெட்கம். உம்மாதான் யாரும் பார்க்காமல் ஒரு செம்பு தண்ணீரைத் திரைக்கு அடியில் நகர்த்தி வைத்தாராம். "இத்தன வருஷமாச்சு. இன்னும் இந்த வூட்ல சத்தமா தும்முனா சங்கடமா இரிக்கு" என்றார். எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

ஏதாவது சொல்ல வந்தாயா என்று கேட்டார். கலியாணம், படிப்பு, இப்படி ஏதாவது கேட்கலாம்தானே என்று நான் இழுத்தேன். வாப்பா தேநீரைப் பார்த்துக்கொண்டே சொன்னார்:

"இதெல்லாம் உம்மாட்ட கேளு புள்ள."

பெண்பிள்ளை விஷயம் என்பதால் கூச்சப்படுகிறார். நல்ல நாள் பார்த்து அவரிடமே திரும்பவும் கேட்க வேண்டும்.

ஜூன் 29

சுவர் இடுப்பு உயரம்.

திருநெல்வேலிக்குக் காலை ரயில் எத்தனை மணிக்கு, அதில் பெண்கள் பெட்டி உண்டா என்று உம்மா ராத்தாவிடம் விசாரித்தாராம். யாராவது ஆஸ்பத்திரிக்குப் போகிறார்கள் போலிருக்கிறது.

ஜூலை 1, செவ்வாய்

மாப்பிள்ளை வீட்டுப் பெண்கள் வந்தார்கள். எங்கள் ஊரில் பெண்ணைப் பார்ப்பதைவிட வீட்டைப் பார்ப்பதுதான் அதிக நேரம் எடுக்கும். அது சரிதான், அவர்கள் பிள்ளைதானே வந்து இருக்கப்போகிறார். பிள்ளையின் தாய் நல்லவர். என் கையைப் பிடித்துக்கொண்டு, பிள்ளைக்கு வெயில் ஆகாது, எந்த அறையில் காற்று வரும் என்று கேட்டார். கூட வந்தவர்தான் குளியலறை உள்ளேயே வேண்டும் என்றும், அரைச் சுவரைப் பார்த்துவிட்டு இது எப்போது முடியும் என்றும் கேட்டுக்கொண்டே இருந்தார். இரண்டு ஆள் அதிகம் போட்டால் வெள்ளிக்கிழமைக்குள் முடியாதா என்றார்.

வெள்ளிக்கிழமை ஜூலை நாலு.

"அவசரத்துல கட்டுனா நிக்காது" என்றார் உம்மா. சொல்லிவிட்டு எல்லோருக்கும் இன்னொரு முறை சமோசா வைத்தார்.

எனக்கு ஒன்றுமில்லை. தலைவலி மட்டும்.

ஜூலை 2, புதன்

கட்டுரையை முழுவதும் திருத்தி எழுதி முடித்தேன். ஒவ்வொரு வீட்டுக்கும் இப்போது வரிசை சரியாக ஓடுகிறது. இன்னாருக்குப் பின் அவர் மகள். மகளுக்குப் பின் அவள் மகள்கள். எங்கே சுவர் வந்தது, எந்த ஜன்னல் இரண்டானது, எந்தக் கிணறு பாதியானது. சம்மதம் சொன்னவர்களின் பெயர்கள் மட்டும். மர்ழியா மாமி பெயர் மேலே.

கடைசியாக எங்கள் வீடு. அதை மட்டும் தள்ளிப் போட்டுக்கொண்டே வந்திருந்தேன். மற்றவை எல்லாம் நிமிடத்தில் எழுதியவள் இந்த ஒரு வரியில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன்.

'இந்த வீடு ஜுலைகா அவர்களுடையது. அவருடைய தாயிடமிருந்து வந்தது.'

எழுதிவிட்டுத் திரும்பத் திரும்பப் படித்தேன். தெருவில் எல்லா வீட்டையும் பற்றி எனக்குத் தெரிந்திருந்தது. புகாரி மாமாவுக்குத் திரைக்குப் பின்னால் நின்று பாடம் எடுத்தேன். ஆனால் மூன்று வாரமாக நான் தேநீரைக் கையில் வைத்துக்கொண்டு நின்றது வாப்பாவின் முன்னால்.

ராத்தாவிடம் இதைச் சொன்னேன். அவள் பிள்ளைக்குத் தலை சீவிக்கொண்டே, "பி.ஏ. படிச்சா இவ்வளவு நேரம் ஆவும்போல" என்றாள்.

ஜூலை 3, வியாழன்

சுவர் தோள் உயரம். மேலே இன்னும் வானம் தெரிகிறது.

லுஹர் தொழுகை முடிந்து வாப்பா தூங்கப் போய்விட்டார். கொத்தனாரும் சாப்பிடப் போயிருந்தார். உம்மா முற்றத்தில் தனியாக, சட்டிகளில் படிந்த சிமெண்டுத் தூசியைக் கழுவிக்கொண்டிருந்தார். நான் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு சட்டியை எடுத்துத் துடைக்கத் தொடங்கினேன்.   உம்மா தண்ணீரைக் கொஞ்சம் மெதுவாக ஊற்றினார், சத்தம் வராதபடி.

இங்கே திரை இல்லை. கையில் சட்டி இருந்ததால் கைகளை எங்கே வைப்பது என்ற கவலையும் இல்லை. அவர் முகத்தைப் பார்த்தேதான் கேட்டேன்.

"உம்மா, எம் பாதி வூட்ட எனக்கு இப்பவே தாங்க. மாப்பிள்ளைக்கு முன்னால, எனக்கு. நா அதப் பூட்டிட்டு, சாவிய எங்கூட எடுத்துட்டு, ரெண்டு வருஷம் திருநெல்வேலில படிச்சிட்டு வர்றேன். நாளைக்குக் காலைல என்னய ரயிலேத்தி விடுங்க."